மூத்தாள் இறங்கும் துறை

தையல்நாயகி இன்றைக்கு வராமலே போய்விட்டால்தான் என்ன என்று நினைத்துவிட்டு, நினைத்தது வெளியே கேட்டிருக்குமோ என்று சவுந்தரம் வேனுக்குள் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். யாருக்கும் கேட்டிருக்கவில்லை. முன்சீட்டில் அவள் புருஷன் வைத்திலிங்கம் துணிக்கடைப் பையை மடியில் வைத்து, அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருப்பது புடவை. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன தையல்நாயகிக்கு, அவருடைய மூத்த தாரத்துக்கு, அவரே சிதம்பரம் போய் எடுத்து வந்த புதுப்புடவை. பேத்தி யாழினிக்கு வருகிற வாரம் கல்யாணம். பூவும் மஞ்சளுமாகப் போன சுமங்கலியை முதலில் ஏரித் தண்ணீரிலிருந்து கூப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கரகம் ஜோடித்துப் பம்பை அடித்துக் கூப்பிட்டால் வீட்டுப் பெண்களில் யார் மேலாவது இறங்குவாள், இறங்கிப் புடவையை ஏற்றுக்கொண்டு, நடத்துங்க என்று வாக்குக் கொடுப்பாள், அப்புறம்தான் பந்தக்கால். பூவாடைக்காரி என்பார்கள் அவளை. அவள் வாக்கு வராமல் அந்த வீட்டில் ஒரு தாலியும் ஏறியதில்லை. இதுவரை அவள் இறங்கியதெல்லாம் நாத்தனார் குப்பம்மாள் மேல். குப்பம்மாளோ போன ஆவணியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யார் மேல் வருவாள், மருமகள் செண்பகத்தின் மேலா, கல்யாணப்பெண் மேலேயேவா என்று ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. சவுந்தரத்தின் மேல் என்று ஒரு வாயும் சொல்லவில்லை. மூத்தாள் போயும் போயும் இளையாள் மேலா வருவாள்? அதைக் கேட்கிறபோதெல்லாம், நல்லவேளை என்றும் இருந்தது, ஏன் எனக்கென்ன குறைச்சல் என்றும் இருந்தது.

வேன் கரைமேல் ஏறியதும் ஏரி வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் கீழே நெல்லும் தென்னையுமாக ஊர் கிடக்க, அந்தப் பக்கம் திடீரென்று எல்லையில்லாமல் தண்ணீர் எழுந்து நின்றது. "அம்மாடி, இது ஏரியா கடலா?" என்றாள் சம்பந்தியம்மாள் இந்துமதி. மெட்ராசிலிருந்து மகனோடு வந்திருந்தாள். சடங்கையும் பார்த்த மாதிரி, ஊரையும் சுற்றிப் பார்த்த மாதிரி இருக்கும் என்று. "வீராணம் சம்பந்தியம்மா. சோழ ராஜகுமாரன் சண்டைக்குப் போற வழியில ஆளுங்க சும்மா இருக்கக் கூடாதுன்னு வெட்டுனதுன்னு சொல்லுவாங்க. நீங்க மெட்ராஸ்ல குடிக்கிறதே இந்தத் தண்ணிதான்," என்றான் மதியழகன், தையல்நாயகி பெற்ற ஒரே பிள்ளை, யாழினியின் அப்பன். "அப்படின்னா உங்க வீட்டுத் தண்ணி குடிச்சுத்தான் எம்புள்ள வளந்திருக்கான். சீர் எதுவும் கேக்க முடியாது போலருக்கே!" என்று அவள் சொல்ல, வேன் முழுக்கச் சிரித்தது. சவுந்தரமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, இந்தத் தண்ணீரில்தான் அவள் இருக்கிறாள் என்றால் குழாய்க்குள் புகுந்து மெட்ராசுக்கும் போயிருப்பாள் என்று நினைத்தாள். போன வைகாசியில் கண் ஆஸ்பத்திரிக்கு அங்கே போய் மூன்று நாள் தங்கியபோது, அப்பாடா என்று மனசு லேசாக இருந்ததே, அப்போதும் குழாயைத் திறந்தால் விழுந்தது அவள்தானா? நிறைமாசத்தோடு இந்தத் துறையில் துணி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் தையல்நாயகிக்கு இடுப்புவலி கண்டதாம். பிள்ளை நன்றாகப் பிறந்தது. அவள் பதினோராம் நாள் ஜுரத்தில் போனாள். இருபத்தொரு வயது. அதனால் அவளைக் கூப்பிடுவதென்றால் இந்தத் துறையில்தான். சவுந்தரம் இங்கே துணி துவைத்ததில்லை, குளித்ததில்லை. ஊரே ஏரிக்கு வரும். அவள் மட்டும் பம்புசெட்டுக்குப் போவாள். ஏன் என்று கேட்டால் வழுக்குது என்பாள். நாற்பத்தாறு வருஷத்தில் இரண்டே தடவை இந்தப் படியில் இறங்கியிருக்கிறாள். தாலி கட்டிக்கொண்ட மூன்றாம் நாள் மூத்தாளிடம் உத்தரவு கேட்டு விழுந்து கும்பிட ஒரு தடவை; மதிக்குக் கல்யாணம் வைத்தபோது ஒரு தடவை. இன்றைக்கு மூன்றாவது. மூன்று என்பது நல்ல எண் இல்லை என்று அவள் அம்மா சொல்வாள்.

அந்த இரண்டாவது தடவையை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். பையைப் பொத்தியிருந்த அவர் கைகளைப் பார்த்தாள். என்ன நிறமாக இருக்கும்? வருஷா வருஷம் தை மாசம் தையல்நாயகிக்குப் புடவை வைத்துப் படைப்பது உண்டு. அதையும் அவர்தான் எடுப்பார். சவுந்தரத்துக்கு எடுக்கிறபோது கடை வாசலிலேயே நின்றுகொண்டு, உனக்குப் பிடிச்சதப் பாத்து எடுத்துக்க என்பார். எவ்வளவு நல்ல மனுஷன், பெண்சாதி இஷ்டத்துக்கு விடுகிறாரே என்று கடைக்காரன்கூடச் சொல்லியிருக்கிறான். அவளுக்கு மட்டும், செத்தவளுக்கு மட்டும், அவரே உள்ளே போய், விரித்துப் போடச் சொல்லி, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. அப்படிப் பார்ப்பதை ஒருநாள் தெருவில் நின்று சவுந்தரம் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கடைத்தெருப் பக்கம் போவதில்லை. அந்த நிறமெல்லாம் எந்த உடம்புக்குப் பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சவுந்தரத்துக்குத்தான் தெரியாது. தையல்நாயகிக்குப் போட்டோ கிடையாது. கல்யாணத்தில் எடுத்த ஒன்றே ஒன்றும் கூரை எரிந்தபோது எரிந்துவிட்டது. சிவப்பா கறுப்பா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். குப்பம்மாள் ஒரு தடவை, கண்ணு மட்டும் இருந்தா போதும்டி அவளுக்கு என்றாள், அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். மதியின் மூக்கு அவருடைய மூக்கு இல்லை. அப்படியானால் அது அவளுடையது. ஏழு மாசக் குழந்தையாக மடியில் வாங்கிய நாளிலிருந்து சவுந்தரம் துடைத்துவிட்ட மூக்கு அது. தனக்கென்று ஒன்று பிறக்கும், அதற்கு எந்த மூக்கு வரும் என்று காத்திருந்தாள், பிறக்கவில்லை. மதி அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவான். அம்மா என்று கூப்பிடச் சொல்லி யாரும் பழக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற வார்த்தையா அது?

"ஆயா, எறங்குங்க, பறவை பாக்கலாம். பம்பைக்காரர் வர இன்னும் நேரமிருக்காம்," என்று யாழினி கையைப் பிடித்து இறக்கினாள். காற்று சேலையை இழுத்தது. தண்ணீர் வாசம், பாசி வாசம், அதற்கு அடியில் மீன். கரையோரம் நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளை இட்டுக்கொண்டு கறுப்பாகக் கூட்டம் போட்டிருந்தன. அதற்கும் அப்பால் கூழைக்கடாக்கள், தொண்டைப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கல்யாணப் பந்தியில் இடம் பிடித்த பெரிய மனுஷர்கள் மாதிரி. மாப்பிள்ளைப் பையன் பிரசன்னா கை நீளத்துக்கு ஒரு கேமரா வைத்திருந்தான். "பாட்டி, அதோ அந்த இலைமேல நடக்குது பாருங்க, காலு நீளமா. அது இலைக்கோழி. அதுல ஒரு விசேஷம் இருக்கு. பொட்ட முட்டைய போட்டுட்டுக் கிளம்பிடும். அடைகாக்கிறது, குஞ்சைப் பாத்துக்கிறது எல்லாம் ஆம்பளதான்." "எங்க தாத்தா மாதிரியா?" என்று யாழினி கிள்ளினாள். "நீ போனாலும் நான் அப்படி உக்காந்திருப்பேன்னு நெனக்காத." "போடா. நான் ஏன் போறேன், உன்னத்தான் அனுப்புவேன்." சிரித்தார்கள். சவுந்தரம் அந்தப் பறவையைப் பார்த்தாள். முட்டையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஆமாம். ஆனால் இங்கே அடைகாத்தது ஆம்பிளை இல்லை. அதை யாரும் கேமராவில் பிடிக்கவில்லை. எதிர்பார்க்காத ஒரு பேச்சு யாழினி வாயிலிருந்து வந்தது: "ஆயா, அந்த ஆயா எப்படி இருப்பாங்க?" அந்த ஆயா. "எனக்கென்ன தெரியும்? உங்க தாத்தாவப் போய்க் கேளு." "தாத்தா எங்க சொல்றாரு." சொல்ல மாட்டார். அதுதான். ஒருநாளாவது, தையலு வைக்கிற குழம்பு மாதிரி இல்லை என்று சொல்லியிருந்தால், அவள் அதைவிட நல்லதாக ஒரு குழம்பு வைத்திருப்பாள். தையலு கோலம் போட்டால் என்று ஆரம்பித்திருந்தால் தெருவையே அடைத்து ஒரு கோலம் போட்டிருப்பாள். அவர் வீட்டுக்குள் அந்தப் பேரை எடுத்ததே கிடையாது. மறந்துபோன பேரை யாரும் இப்படிப் பத்திரமாக வைத்திருக்க மாட்டார்கள்.

வைத்திலிங்கம், தையல்நாயகி. சுவாமி பேரும் அம்பாள் பேரும். பேர்ப் பொருத்தமே போதும், ஜாதகம் எதுக்கு என்று கட்டி வைத்தார்களாம். காலையில் கங்கைகொண்டசோழபுரம் கோயிலில் சம்பந்தியம்மாளுக்காகச் சுற்றி வந்தபோது, சுவரில் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நின்ற சாமிக்கு முன்னால் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சவுந்தரமும் போட்டுக்கொண்டாள். ஆனால் மனசு அங்கேயே மாட்டிக்கொண்டது. பாதியைக் கொடுத்தாயிற்று. மீதி அவருடைய பாதி. இனி ஒருத்தி வந்தால் எங்கே நிற்பாள்? கல்லில் இடம் இல்லை. அப்போதுதான் இந்துமதி பக்கத்தில் வந்து, "நீங்க சம்பந்திக்குப் பெத்த அம்மா இல்லையாமே, பேசுறதைக் கேட்டுத்தான் தெரிஞ்சுது. பாத்தா அப்படியே அம்மா மாதிரியேதான் இருக்கீங்க," என்றாள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். மாதிரி. சவுந்தரத்தின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. தாலிக்கயிற்றில் அவள் தாலியோடு ஒரு பொட்டுத் தங்கமும் கோத்திருக்கும். இரண்டாந்தாரமாக வருகிறவள் மூத்தாளுக்கென்று அதைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மூத்தாள் கோபித்துக்கொள்வாள் என்று மாமியார் கட்டிவிட்டாள். படுக்கையில் புரண்டால் அது இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும். முதல் ராத்திரியிலும் அது இருந்தது. அவர் கை அதில் பட்டு ஒரு கணம் நின்றதும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. நின்றதா, அவளாக நினைத்துக்கொண்டதா? நாற்பத்தாறு வருஷமாக அந்த ஒரு கணத்தைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தாயிற்று, இன்னும் தீரவில்லை.

பம்பைக்காரர் வந்துவிட்டார். படித்துறையில் மஞ்சள் நீர் தெளித்து, புதுக்குடத்தில் ஏரித் தண்ணீர் மொண்டு, வேப்பிலையும் பூவும் சுற்றிக் கரகம் நிறுத்தினார்கள். வைத்திலிங்கம் பையைத் திறந்தார். வாடாமல்லி நிறம். கரையில் சிவப்பு. தாம்பாளத்தில் வைத்து மடிப்புக் கலையாமல் விரலால் ஒரு தடவை நீவிவிட்டார். செண்பகம், யாழினி, இரண்டு பங்காளி வீட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சவுந்தரம் வரிசையில் நிற்கலாமா கூடாதா என்று தெரியாமல் அரைப்படி தள்ளி நின்றாள். பம்பை கிளம்பியது. "பூ முடிச்ச மகராசி, மடை தாண்டி ஏறி வாடி, மஞ்சக் குளிச்ச மகராசி, மகன் வீட்டுக்கு இறங்கி வாடி." சத்தத்துக்கு நாமக்கோழிகள் தண்ணீர்மேல் ஓடி, ஓடி, அப்புறம் பறந்தன. வெற்றிலையில் சூடம் ஏற்றித் தண்ணீரில் விட்டார்கள். அது கொஞ்ச தூரம் போய், சுற்றி, படிக்கே திரும்பி வந்து அணைந்தது. இன்னொன்று விட்டார்கள். அதுவும் திரும்பியது. செண்பகம் கண்ணை இறுக மூடி நின்றாள், உடம்பு அசையவில்லை. பிறகு ஒரு கண்ணைத் திறந்து, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள்போல் பார்த்தாள். பம்பைக்காரர் நிறுத்தி வேர்வையைத் துடைத்தார். "ஏதோ மனக்குறை இருக்குது. வீட்டுல யாரோ மனசாரக் கூப்புடல. அதான் தண்ணிக்குள்ளயே நிக்குறா." சவுந்தரத்துக்குக் கால் படியோடு ஒட்டிக்கொண்டது. அவர் யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் வேப்பிலைக்குத் தெரியும், குடத்துக்குத் தெரியும், அந்தச் சூடத்துக்குத் தெரிந்துதான் திரும்பி வந்தது. வராமல் போகட்டும் என்று வேனில் நினைத்தது இவ்வளவு சீக்கிரம் போய் எட்டிவிட்டதா?

மறுபடி அடித்தார். மறுபடி ஒன்றுமில்லை. வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பாகிவிட்டது. "வரலைன்னா என்ன செய்வாங்க?" என்று இந்துமதி மெதுவாகத்தான் கேட்டாள். "வேற நாள் பாக்கணும் சம்பந்தி. வாக்கு இல்லாம பந்தக்கால் நட மாட்டோம்," என்றான் மதி. "அடுத்த வாரம் முகூர்த்தத்தை வச்சுக்கிட்டா? எங்க சைடுல பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சே." பிரசன்னா அவளிடம், விடும்மா என்றான். யாழினி மருதாணிக் கையைப் பிசைந்துகொண்டு தண்ணீரையே பார்த்தாள், உதடு துடிக்கத் தயாராக இருந்தது. இரண்டு வயதில் ஜுரம் வந்து தோளில் கிடந்தபோதும் இப்படித்தான் உதட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். வந்து தொலையேன்டி, சவுந்தரம் மனசுக்குள் சொன்னாள். எனக்காக வேண்டாம், இவளுக்காக வாயேன். சொல்லிப் பார்த்தாள், ஆனால் அடியில் எங்கேயோ ஒரு நரம்பு, வராதே என்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் வந்தால் அந்தக் குரல் வரும். நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தது வந்தேவிட்டது. மதி கல்யாணத்தின்போது இதே படியில் குப்பம்மாள் தலையை விரித்துப் போட்டு ஆடியபோது, வைத்திலிங்கம் முன்னால் போய், "வந்துட்டியா தையலு, இவ்ளோ நேரமா வர்றதுக்கு?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்தக் குரல், கொஞ்சம் கோபமும் கொஞ்சம் கெஞ்சலுமாக, ஒரு சின்னப் பையனுடையது. அப்படி ஒரு குரல் அந்த உடம்புக்குள் இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு ஒருநாள் வேண்டுமென்றே சிதம்பரம் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்பினாள். இவ்ளோ நேரமா என்று கேட்பாரா பார்க்கலாம் என்று. அவர் பழையதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். சொம்புல தண்ணி வை என்றார். சொம்பில் தண்ணீர் வைத்தாள்.

இப்போது அவரே தண்ணீருக்குள் இறங்கினார். வேட்டி நனைய, முழங்கால் வரைக்கும் போய் நின்று, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கூப்பாமல் தொங்கவிட்டுக்கொண்டு, "தையலு," என்றார். அதே குரல். எழுபத்துமூன்று வயதிலும் அதே குரல். ஏரி முழுக்க அது போயிற்று. "தையலு, வாம்மா." சவுந்தரத்துக்கு நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு தீ புறப்பட்டுக் காது வரைக்கும் ஏறியது. அப்படி என்ன அந்தப் பேரில்? அந்தக் குரலுக்கு எதிரில் நிற்பது எப்படி இருக்கும்? ஒரே ஒரு தடவை, முதுகைப் பார்க்காமல், பக்கத்தில் நின்று கேட்காமல், நேராக முகத்தில் வாங்கினால்? செத்துப் போயாவது வாங்கலாமா? கொண்டை ஊசி எங்கே போயிற்று என்று தெரியாது. முடி அவிழ்ந்து தோளில் விழுந்தபோது அது தன் கைதான் செய்தது என்று தெரிந்தது. முதல் இரண்டு சுற்று அவள் தெரிந்துதான் ஆடினாள், குப்பம்மாள் ஆடியது மாதிரி, வலப்பக்கம் தலையை வீசி. யாழினிக்காகத்தான் என்று மனசுக்குள் ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது, பொய் சொல்லாதே என்று இன்னொரு மூலை சொன்னது. மூன்றாவது சுற்றில் பம்பை எங்கிருந்து அடிக்கிறது என்று தெரியவில்லை, உள்ளேயா வெளியேயா. "வந்துட்டா! சின்னம்மா மேல வந்துட்டா!" என்று மதி கத்தினான். "யாரும்மா வந்திருக்கிறது? பேரச் சொல்லு," என்றார் பம்பைக்காரர். "தையலு," என்றாள். அந்தப் பேர் அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல். கசக்கும் என்று நினைத்திருந்தாள். கசக்கவில்லை. தலைமுடிக்கு நடுவில் அவர் கால்கள் தண்ணீரிலிருந்து ஏறி வருவது தெரிந்தது, ஈர வேட்டி, பாசி ஒட்டிய விரல்கள். முன்னால் வந்து நின்றார். முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். இதோ வரப்போகிறது. வந்துட்டியா என்று சொல்லப்போகிறார்.

"தையலு," என்றார் அவர். "அவள விட்டுடு." அவள் ஆட்டம் ஒரு கணம் தடுமாறியது. "அவ மேல எறங்காதம்மா. அவ உடம்பு தாங்காது. சர்க்கரைக்காரி, காலையிலேருந்து சரியா ஒண்ணும் சாப்புடல, சம்பந்தி எதிர்ல கூச்சப்பட்டுக்கிட்டு எலையில அப்படியே வச்சுட்டா. ராத்திரியில கெண்டைக்கால் இழுத்துக்கிட்டா முந்தானைய வாயில அடைச்சிக்கிட்டுக் கெடப்பா, நான் தூங்குறேன்னு நெனச்சிக்கிட்டு. கேட்டா வெக்கப்படுவான்னு நானும் தூங்குற மாதிரியே கெடப்பேன். நீ வேணும்னா எம்மேல வா. பொடவ கொண்டாந்திருக்கேன், வாங்கிக்க. அவள மட்டும் விட்டுடு." சின்னப் பையனுடைய குரல் இல்லை அது. வயதான ஒருவருடைய, பயந்துபோன, வீட்டுக்குள் தினமும் கேட்கிற குரல். சவுந்தரம் அதைக் கேட்டாள். கேட்டதும் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. நெஞ்சில் பற்றியிருந்த தீ அப்படியே திரும்பிக்கொண்டது. இவளுக்காகவா? என்னைக் கூப்பிட்டு, புடவை கொடுத்து, இவளை விட்டுவிட்டுப் போ என்பதற்கா? "நாப்பத்தாறு வருஷமா தண்ணியில கெடக்குறேன்!" என்று வாய் கத்தியது, அவளுக்கே பழக்கமில்லாத, சின்னவயசுத் தொண்டையில். "எனக்கு எங்க வலிக்குதுன்னு ஒருநா கேட்டியா நீ? அவ காலு நரம்பு மட்டும் ஒனக்குத் தெரியுதா?" வைத்திலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். மதி அழுதான். "தப்புதாம்மா, தப்புதான், மன்னிச்சுக்க. பேத்திக்கு வாக்குக் குடு," என்று பம்பைக்காரர் இடையில் புகுந்து திருநீற்றை நெற்றியில் அழுத்தினார். யாழினி வந்து காலடியில் உட்கார்ந்தாள். அந்த உச்சந்தலையின் வகிடு தெரிந்தது, எத்தனையோ நாள் எண்ணெய் வைத்துக் கோணாமல் எடுத்த வகிடு. "நடத்துங்க," என்றாள். "நல்லா நடத்துங்க. நான் வந்து நிப்பேன்." சொல்லிவிட்டுப் படியிலேயே சரிந்தாள்.

படியில் உட்கார வைத்துச் சர்க்கரை போட்டுக் கலக்கிய தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு, ஐயோ சர்க்கரையா என்று அதைப் பிடுங்கி வெறும் தண்ணீர் கொடுத்தார்கள். இந்துமதி கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். "ஆயா, நீங்க பேசினதெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்றாள் யாழினி. "என்ன பேசினேன்?" என்றாள் சவுந்தரம். "நீங்க இல்ல ஆயா, அவங்க." அவள் மிச்சத் தண்ணீரையும் குடித்தாள். பம்பைக்காரர் கயிற்றை இறுக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். செண்பகம் கரகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், மேற்கே தீவுத்திட்டு மரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தீ எங்கே போயிற்று என்று சவுந்தரம் உள்ளே தேடிப் பார்த்தாள். அது யாருடையது? வாய் என்னுடையது, சரி. கத்தத் தொடங்கியதும் நான்தான், சரி. ஆனால் என் மேல் எனக்கே எப்படிப் பொறாமை வரும்? கால் நரம்பு இழுப்பது தனக்குத்தான் என்பதே அந்த நேரத்தில் ஞாபகம் இல்லையே. இருபத்தொரு வயதில் ஒருத்தி ஈரத்துணியோடு படியில் நிற்பாள், வீட்டுக்குள் வேறொருத்திக்குக் கால் வலிக்கிறது என்று புருஷன் சொல்லக் கேட்டுக்கொண்டு. அப்படித்தான் இருந்தது. அப்படியேதான் இருந்தது. குப்பம்மாள் ஆடியதெல்லாம் நிஜமா, நடிப்பா என்று கேட்கவும் இனி ஆள் இல்லை.

வைத்திலிங்கம் நாலு படி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை. சொன்னதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறாரா, கேட்டிருக்கும் என்று கூசுகிறாரா? காது மடல் சிவந்திருந்தது. "இந்தாங்க," என்றாள் சவுந்தரம். அவர் நிமிர்ந்தார். "அவ கோவிச்சிக்கிட்டுப் போயிருக்கா. போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க." "என்ன சொல்ல?" "எனக்கென்ன தெரியும். ஒங்களுக்குத் தெரியும்ல." அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, தாம்பாளத்திலிருந்த புடவையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கித் தண்ணீரில் நின்றார். புடவையைப் பிரித்து நனைத்தார். வாடாமல்லி தண்ணீரில் விரிந்து மிதந்தது. ஒரு முனை மட்டும் அவர் கையில் இருந்தது. அவர் குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் ஒன்றும் கேட்கவில்லை. வேனில் எல்லோரும் ஏறியாயிற்று. மதி ஹாரன் அடிக்கச் சொல்லாமல் காத்திருந்தான். சவுந்தரம் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை என்றுதானே சொன்னோம். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரம் ஆகாது. இரண்டு, மூன்று, நாலு வார்த்தைகூட இதற்குள் முடிந்திருக்கும். அவர் சிரித்தாரா? தோள் குலுங்கியது மாதிரி இருந்தது, அழுகையாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது மூத்தாளுக்கு முன்னால். கொண்டையை முடிந்துகொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"போதும், ஏறி வாங்க," என்றாள். அவருக்கு மட்டும் சொல்வதானால் இவ்வளவு சத்தம் வேண்டியதில்லை. தண்ணீரில் இருக்கிறவளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.